ஏழாவது பாட்டில் ஒரு 'வாங்கண்ணா'

என் பிரியமான மாப்ள முத்து,

சௌக்கியமா என்று கேட்டால் சிரிப்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆல்பம் வரப்போகிறது. கிணத்துக்கடவு தென்னைநார் ஷெட்டில் நீ பாடிய பதினோரு பாட்டும், கைதட்டலோடும் நாற்காலி இழுக்கிற சத்தத்தோடும் அப்படியே வருகிறது. அதைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கப் பார்த்தவன் நான்தான். அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக உன்னிடமே உன்னைப் பற்றிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ ஆல்ட் கண்ட்ரி பாடினாய். அமெரிக்கக் கிராமத்துக் கிட்டார்ப் பாட்டை எடுத்து, அதன் மினுக்கையெல்லாம் தேய்த்துப் போட்டுவிட்டு, வற்றின போர்வெல், பொள்ளாச்சி ரோட்டு லாரி, டைவர்ஸ் ஆன சித்தப்பா என்று நம் ஊர்த் தமிழில் பாடுவாய். கேட்க ஒரு நூறு பேர் இருந்திருப்பார்களா? அந்த நூறு பேரும் அன்று ஷெட்டுக்கு வந்தார்கள். ஒருவர்கூட நேரத்துக்கு வரவில்லை.

நான் உக்கடத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறவன். கல்யாணம், கட்சிக் கூட்டம், நடுவில் உன் கச்சேரி. உன் வீட்டுக்காரி செல்வியைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து நீ எனக்கு மாப்ள, நான் உனக்கு மச்சான். அந்த உரிமையில்தான் அன்று வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டே ரெக்கார்ட் செய்தேன்.

ஏனென்றால் உனக்கு ஒரு வியாதி இருந்தது. பாடிக்கொண்டிருக்கும்போது யார் உள்ளே நுழைந்தாலும் 'வாங்க' என்பாய். சரணத்தின் நடுவில் 'வாங்க மாமா' வரும். அடுத்த வரி முடிவதற்குள் 'வாங்க டீச்சர், முன்னாடி வந்து உக்காருங்க' வரும். வந்தவரை வாங்க என்று சொல்லாமல் விட்டால் நம் பக்கம் அது சின்னக் குற்றமில்லை, எனக்கும் தெரியும். ஆனால் ரெக்கார்டிங் ஓடும்போதுமா?

"கண்ணை மூடிட்டுப் பாடித் தொலையேன் மாப்ள" என்று ஒருமுறை சொன்னேன். "ஒருக்கா தலையைக் குனிஞ்சு வாசிச்சுப்போட்டுப் பட்டது போதும் மச்சான்" என்றாய். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். ஏன் அப்போது என்ன ஏது என்று நான் கேட்கவில்லை?

ஒரு வாரம் கழித்து, வெட்டாத மிக்ஸை பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். காரில் சொருகிக் கேட்டாய். "இந்த வாங்க எல்லாத்தையும் எடுத்துப்போடறேன்" என்றேன். "உன் இஷ்டம். ஏழாவது பாட்டை மட்டும் என்னைக் கேட்டுப்போட்டுத் தொடு" என்றாய். அடுத்த மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வருமுன் கோபம்தான் வந்தது. பிறகு வேலையைப் பார்த்தேன். ஒவ்வொரு 'வாங்க'வையும் தையல் தெரியாமல் வெட்டினேன். ஏழாவது பாட்டையும் வெட்டினேன். அனுமதி கேட்பதற்கு நீ இல்லை. கேட்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. முகூர்த்த சீசன் வந்ததும் ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டுமென்று ஒரிஜினலையும் அழித்துவிட்டேன். இத்தனை வருசம் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு செய்கிற காரியமா இது?

போன வாரம் முடிந்த ஆல்பத்தைச் செல்விக்குப் போட்டுக்காட்ட உன் வீட்டுக்குப் போனேன். உன் அண்ணன் வந்திருந்தார். நீ போகும்வரை ஆறு வருசம் உன்னோடு பேசாமல் இருந்த அண்ணன்தான். ஏழாவது பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, இதுல நான் வரலீங்களா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். "அன்னைக்கு ஷெட்டுக்கு வந்தனுங்க. வாசல்லயே நின்னேன். பாட்டை நிறுத்திப்போட்டு 'வாங்கண்ணா'ன்னானுங்க. நான் ஒண்ணும் பேசாமத் திரும்பிப் போயிட்டனுங்க. அது எங்கீங்க காணோம்?"

செல்விதான் மீதியைச் சொன்னாள். ஆறு வருசத்துக்கு முன்னால், உங்கள் பாப்பாவுக்குக் காது குத்தின அன்று, அவர் உன் வீட்டு வாசலில் வந்து நின்றாராம். நீ குனிந்து கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாயாம். வாங்க என்று ஒரு வார்த்தை வரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனவர்தான். அதன் பிறகு நீ எந்த மேடையிலும் வாசலைப் பார்த்தபடியேதான் பாடினாய். நான் வியாதி என்று நினைத்தது அதைத்தான்.

"வெட்டிப்போட்டனுங்க" என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அப்போதுதான் செல்விக்குக் காரின் ஞாபகம் வந்தது. நீ போன பிறகு யாரும் எடுக்காத கார். பென்டிரைவ் சொருகியபடியே இருந்தது. பேட்டரி செத்துக் கிடந்தது. என் வேனைப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, ஒயர் போட்டு உயிர் கொடுத்தேன். மத்தியான வெயிலில் கதவையெல்லாம் திறந்துவைத்தோம். உன் அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

இரண்டாவது சரணத்தில் கிட்டார் நின்றது. 'வாங்கண்ணா' என்றாய். அப்புறம் ஒன்றுமில்லை. ஃபேன் ஓடுகிறது, யாரோ இருமுகிறார்கள், நீ பாடவில்லை. எனக்கு அது வீண் இடம். இரண்டே வெட்டில் தூக்கி எறிந்திருந்தேன். அங்கே நீ பதிலுக்குக் காத்திருந்தாய் என்பது அன்றுதான் தெரிந்தது.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "வந்துட்டேன் சாமி."

அவர் சொல்லி முடிக்கவும் நீ மறுபடி பாட ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. செல்வி அழுதாள். நானும் அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? உன் அண்ணன் மட்டும் அழவில்லை. பாட்டு முடிந்ததும் அடுத்ததையும் போடச் சொன்னார்.

இப்போது வெளிவருவது அந்தப் பென்டிரைவில் இருக்கிறபடிதான். கொஞ்சம் கரகரப்பு இருக்கும். எல்லா 'வாங்க'வும் இருக்கும். இணையத்தில் ஏற்றுகிற பையன் நேற்று போன் செய்தான். "சார், ஏழாவது டிராக்ல நடுவால சத்தமே இல்லீங்க. கேக்கறவங்க கட் ஆயிருச்சுன்னு நெனைச்சுக்குவாங்க. சுருக்கிப்போடட்டுங்களா?" என்றான்.

"அதை மட்டும் என்னைக் கேட்டுப்போட்டுத் தொடு கண்ணு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று உறைத்தது.

அவன் கேட்டால் நான் உன்னைக் கேட்பேன். நீ பதில் சொல்லும் வரை அதை யாரும் தொட மாட்டார்கள், இது சத்தியம். நீ காத்திருந்த நேரம் முழுதாக அங்கேயே இருக்கும். இன்னும் யாராவது வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கலாம், இல்லையா மாப்ள?

இப்படிக்கு,
செல்வியின் அண்ணன், உன் மச்சான்,
உக்கடம் ரஹீம்