இடப்பக்கத்துக் கிண்ணம்

அன்புள்ள சயோரிக்கு,

இடுப்பு வலி தேவலையா? அம்மாவின் சளி விட்டதா? என்னைப் பற்றிக் கவலைப்படாதே. லிஃப்ட் பழுது பார்ப்பவனுக்குப் பனியில் என்ன வேலை, எந்நேரமும் கட்டடத்துக்குள்தான்.

ஹகோடாதேயில் உப்புச் சூப், அசாகிகாவாவில் சோயா, இப்போது சப்போரோவில் மிசோ. ஊருக்கு ஊர் ராமென் மாறுகிறது, அலுப்பு மட்டும் கூடவே வருகிறது.

நேற்று இங்கே ராமென் கடையில் ஒரு கூத்து. நூடுல்ஸை முடித்ததும், சூப்பை மிச்சம் வைத்துக்கொண்டு, நம் ஹகாதாவில் இருக்கிற நினைப்பில் "இன்னொரு பிடி நூடுல்ஸ் போடுங்க" என்று குரல் கொடுத்துவிட்டேன்.

கடைக்கார அம்மா முறைத்தாள். "இங்க அப்படித் தனியாப் போடுற வழக்கம் இல்லைங்க."

பக்கத்துக் கிழவர் சிரித்தார். "ஹகாதாக்காரரா? அதான் சூப்பைக் காவல் காக்குறாரு. போட்டுக் குடும்மா, பாவம்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எப்போதும் போலப் பாதியை அள்ளி இடப்பக்கத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டேன். அது அந்தக் கிழவருடையது.

கடையே சிரித்தது. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "வீட்டுக்காரம்மா இந்தப் பக்கந்தான் உக்காருவாங்களா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அதன்பின் நான் போட்டதைச் சாப்பிட்டு முடித்தார்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கடுகுக்கீரை ஊறுகாயும் கொஞ்சம். வேன் வந்துவிட்டது, கீழே ஹாரன் அடிக்கிறார்கள். பெட்டியில் இடமிருந்தால் உன் கிண்ணத்தையும் வை. எதற்கு என்று கேட்காதே.

ஹிதேயோ