இரண்டு மடக்கு நாற்காலிகள்

அண்ணே,

பனி அள்ளும் ஷவலைத் தேடி பேஸ்மென்ட்டுக்கு இறங்கினேன். ஹீட்டருக்குப் பின்னால் உங்கள் மடக்கு நாற்காலிகள் இரண்டும் சாய்ந்து கிடந்தன. பிரித்து எதிரெதிரே போட்டேன். ஷவல் மறந்துபோனது.

நியூ ஜெர்சி எடிசனில் வாட்ச் ரிப்பேர் செய்துகொண்டிருந்த உங்களை மனவைத்தியர் ஆக்கியது நான்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஜெர்சி முழுக்க உங்கள் புகழைப் பரப்பியது இந்த வாய். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன்தான், ஆனால் உங்கள் தத்துவத்தை உங்களைவிட நன்றாக விளக்குவேன். “வலி நிஜம்டா. அதுக்கு மனசு சொல்ற காரணம்தான் பொய்” என்பீர்கள். நான் அதை ஒரு மணி நேரம் பேசுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். வலது கை தூக்க வராத கம்ப்யூட்டர்காரர் ஒருவர் வந்தார். கையில் கோளாறு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம்.

“அண்ணன் பத்தே நிமிஷத்துல சரி பண்ணிடுவார். போன வாரம் பேச்சே வராத ஒருத்தர் பாடிக்கிட்டே போனாரு” என்றேன். நீங்கள் முறைத்தீர்கள்.

அப்பா தவறியதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, வந்தவர் தன் கையைப் பற்றியே பேசினார். பிறகு இருவரும் இந்த நாற்காலிகளில் எதிரெதிரே அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். திடீரென்று கேட்டீர்கள்: “அப்பாவுக்குக் கொள்ளி வச்சது யாரு?”

“தம்பி சார். மூத்தவன் நான்தான் வச்சிருக்கணும். கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருந்தேன். இப்ப போனா திரும்ப வர முடியாதுன்னு லாயர் சொல்லிட்டாரு.”

“அந்தக் கை ஒரு தப்பும் பண்ணலப்பா.”

அவர் அழுது முடித்து, அந்தக் கையாலேயே டீக் கப்பைத் தூக்கினார். பனியில் மாட்டிய காரைத் தூக்கினார் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். “நடுவுல கார் எங்கேருந்துடா வந்துச்சு?” என்று திட்டினீர்கள்.

கடைசியில் நீங்களே ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். பத்து நாளில் எழுந்துவிடுவீர்கள் என்று பெரிய டாக்டரே என்னிடம் சொன்னதாக அளந்தேன்.

“எதிர்ல உக்காரு. வாயை மூடிக்கிட்டு.”

உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துத் தானாக வந்தது: “உங்களுக்குப் பயமில்லண்ணே. எனக்குத்தான்.”

“கரெக்ட்” என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும், நான் சொல்லும் கதையில் அந்தக் கம்ப்யூட்டர்காரர் காரைத்தான் தூக்குகிறார். ஆனால் யாராவது மனசு ஒடிந்து வந்தால், எதிரே நாற்காலி போட்டுப் பேசாமல் இருக்கிறேன். அரை மணி நேரம் என்றுதான் வெளியே சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன் அண்ணே, ஐந்து நிமிஷம்தான்.