புகை வராத அடுப்பு

நவ. 12, திங்கள்

விடியலிலிருந்து தூறல். தீபாவளி முடிந்தது, பட்டாசுக் கம்பெனி லீவு. அடுத்த ஆர்டர் வரும்வரை போர்மேன் நானும் சும்மாதான்.

விறகு நனைந்துவிட்டது. சோறு கொதிப்பதற்குள் வீடு பூராவும் புகை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டேன். உப்பு போட மறந்திருக்கிறேன்.

இந்தப் புகைதான் என் வீட்டுக்காரி லட்சுமியைத் துரத்தியது. ஆவணியில் மூச்சிளைப்பு முற்றி, புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போனாள். பதினைந்து நாளில் வருவதாகப் பேச்சு. தீபாவளிக்கும் வரவில்லை. கேஸ் அடுப்புக்கு எழுதிப்போட்டது அப்படியே கிடக்கிறது.

நவ. 13, செவ்வாய்

வெயில். வடை கட்டி வந்த பேப்பரில் ஒரு படம்: புகையில்லாத அடுப்பு, வீட்டிலேயே செய்யலாமாம். பாதிதான் இருந்தது. மீதியில் எவன் வீட்டு வடையோ.

புரிந்தவரை: பெரிய டின்னுக்குள் சின்ன டின். வெளி டின்னில் அடியைச் சுற்றித் துளை. உள் டின்னில் அடியிலும் துளை, மேல் விளிம்புக்குக் கீழேயும் துளை. இரண்டுக்கும் நடுவே ஏறுகிற காற்று சூடாகி, மேலே வந்து புகையையும் சேர்த்து எரித்துவிடும்.

வேண்டியது: எண்ணெய் டின் (கடையில் சொல்லியாச்சு), பெயின்ட் டின், ஆணி, சுத்தியல். கொல்லையில் கம்பெனி டின் ஒன்றும் கிடக்கிறது. தொடவில்லை. வெடிமருந்து இருந்த டின்னில் தீ வைக்க எனக்கென்ன கிறுக்கா.

நவ. 15, வியாழன்

நேற்றும் இன்றும் துளை போட்டேன். கட்டைவிரலில் ஒரு அடி. ஆணியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, ஐயோ என்றால் என்னவென்று கேட்கவும் ஆள் இல்லை.

சாயங்காலம் கொல்லையில் வைத்துப் பற்றவைத்தேன். பழைய அடுப்பே தேவலை. அம்புட்டுப் புகை. பக்கத்து வீட்டம்மா கொடியில் கிடந்த துணியை முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனாள். டின்னை ஒரு எத்து எத்தினேன். கால் சுட்டது.

நவ. 17, சனி

கருப்பசாமி வந்தான். கம்பெனியில் என் கீழே புஸ்வாணத்துக்கு மருந்து இடித்துக் கெட்டிக்கிறவன். விஸ்வநத்தத்திலிருந்து சைக்கிளில் வந்து, டீ கேட்டு, அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“என்ன அண்ணாச்சி, புஸ்வாணமா செய்றீக? விறகை இம்புட்டு கெட்டிச்சு வச்சா காத்து எங்கிட்டுப் போகும்?”

பார்த்தால் ஆமாம். சில்லு விறகை அடுக்கி, சந்து விடாமல் கட்டையால் இடித்து இறுக்கி வைத்திருக்கிறேன். இருபது வருசமாக ‘இன்னும் கெட்டி, இன்னும் கெட்டி’ என்று கம்பெனிப் பிள்ளைகளை விரட்டிய ஆள். பழகின கை கேட்கவில்லை.

அவன் பாதி விறகை உருவிப் போட்டான். பற்றவைத்ததும் கொஞ்சம் புகைந்தது. அப்புறம் மேல் துளை ஒவ்வொன்றிலும் தீ சுற்றி நின்று எரிந்தது. மேலே புகையே இல்லை. டீ போட்டுக் குடித்தோம். இருந்து சாப்பிட்டுப் போ என்றேன். பொண்டாட்டி தேடுவாள் என்று போய்விட்டான்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இனி லட்சுமி வந்துவிடுவாள்.

நவ. 18, ஞாயிறு

திருத்தங்கல் போய்க் காயின் போனில் கூப்பிட்டேன். மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். அடுப்பு விவரம் முழுக்கச் சொன்னேன், துளை உட்பட. லட்சுமி நல்லது என்றாள். இளைப்பு இப்போது இல்லையாம். அப்படியானால் எந்த பஸ்ஸுக்கு வருகிறாய் என்றேன். அவள் சொன்னாள்:

“புகைக்குத்தான் வந்தேன், இல்லைங்கல. ஆனா புகைக்காக இங்கன இருக்கல. இங்கன பேத்தி விடிஞ்சதுலேர்ந்து தொணதொணன்னு பேசுறா. அங்கன நீங்க சோறு ஆச்சாம்பீக, லைட்டை அணைம்பீக. வேற என்ன பேசியிருக்கீக என்கிட்ட?”

அதற்குள் காசு தீர்ந்து கட்டாகிவிட்டது. சட்டைப்பையில் சில்லறை கிடந்தது. போடவில்லை. போட்டு என்ன சொல்ல.

நவ. 19, திங்கள்

மேகமூட்டம். அடுப்பு பற்றவைக்கவில்லை. பஜாரில் இட்லி.

நாளை மறுபடி கூப்பிட வேண்டும். பேச:

1. பக்கத்து வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது.
2. ஆமத்தூர் கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டது.
3. அவள் வைத்த கறிவேப்பிலையில் புதுக் கொழுந்து.

அரை மணி நேரமாக யோசிக்கிறேன், நாலாவது வரவில்லை. ஒன்று இருக்கிறது. சாப்பிட உட்காரும்போது ரெண்டு தட்டு எடுத்துவிடுகிறேன். இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது.