கோணிய மதகுச் சுவரை இடிக்கும் ஆணை

நீர் நிலைக்க, நிலம் விளைக. நெடுவயல் நாடு ஆளும் செங்கோதை நாச்சியாராகிய யாம், பெருங்கரைக் கோட்டத்து அதிகாரி விழுப்பரையர் காண விடுக்கும் ஓலை. உம் கோட்டத்து ஏரிகளும் உழவரும் கால்நடைகளும் நலமுற்றிருக்க வாழ்த்துகிறோம். உம்மை வாழ்த்த எமக்கு மனம் வரவில்லை.

பூவிளங்குறிச்சி ஏரியில் உம் மேற்பார்வையில் எழுந்த புது மதகுச் சுவர், கரைக்கு நேர்குறுக்காக நில்லாமல் கோணிப்போயிருக்கிறது. இருபது முழச் சுவரில் மூன்று விரல் பிழை. கதவை இறக்கினாலும் அது சுவரோடு பொருந்தாது; அந்த இடைவெளியில் நீர் பாய்ந்து கரையை அரிக்கும். கரைக்குக் கீழே இருநூறு வீடுகள் உள்ளன. மழைக்கு நாற்பது நாளே இருக்கிறது.

பிழையின் காரணத்தை விசாரித்தோம். சுவரின் நேர்குறுக்கு பார்க்க எம் தந்தையார் உம் கோட்டத்துக்கு அளித்த வெண்கல மூலைமட்டத்தைப் பூசையில் வைத்து, ஆண்டுதோறும் புளியும் செங்கல் தூளும் இட்டு முப்பது ஆண்டுகளாகத் தேய்த்து மினுக்கியிருக்கிறீர். பளபளப்பு ஏறியது, ஒரு முனை நெல்மணி அளவு தேய்ந்தும் போனது. அரசர் கொடையாயிற்றே என்று அதை ஒருவரும் சோதிக்கவில்லை.

சோதித்தவன் கல்தச்சன் சேந்தன் ஒருவனே. அவன் கரைக்கோட்டில் ஒரு முளை அடித்து, அதன் இருபுறமும் சம தூரத்தில் இரு முளைகள் அடித்து, அவ்விரண்டிலிருந்தும் ஒரே நீளக் கயிற்றால் வளைவுகள் வரைந்து, அவை வெட்டிய புள்ளியை நடு முளையோடு கோடிட்டு இணைத்துக் காட்டினானாம். அந்த நேர்குறுக்குக் கோட்டை விட்டு மூலைமட்டம் விலகி நின்றதை ஊரே கண்டது. அரசர் கொடை பொய்க்காது, கயிறே பொய்த்தது என்று சொல்லி அவனைச் சிறையில் அடைத்தீர். தாங்களே கயிற்றைப் பிடித்துப் பார்த்தருள வேண்டும் என்று அவன் கெஞ்சியதற்குப் பன்னிரண்டு கசையடியும் கொடுத்தீராம்.

ஆகவே ஆணையிடுகிறோம். ஓலை கண்ட நாழிகையே சேந்தனை விடுவித்து, ஊரார் முன் அவனிடம் மன்னிப்புக் கேளும். சுவரை அடிவரை இடித்து, அவன் காட்டிய கோட்டிலேயே எழுப்பும். அவன் வளைவு வரைகையில் முளையை நீரே பிடியும். அந்த மூலைமட்டத்தை உருக்கிவிடும்; எம் தந்தையார் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் செய்திருப்பார்.

முப்பத்தைந்தாம் நாள் மதகுக் கதவை இறக்கும். அன்றே உம் குடும்பத்தோடு கரைக்குக் கீழே, மதகை அடுத்த முதல் வீட்டில் குடியேறி, மழைக்காலம் முழுவதும் அங்கேயே உறங்கும்.

மீன்கொத்தி முத்திரை இட்டு விடுத்தோம். மறுமொழி ஓலை வேண்டாம்; வீட்டை ஒழித்து வைக்கச் சொல்லியாயிற்று.