நீ வாங்கித் தந்த ஓட்டு

கூடப் பிறக்காமலே என்னை அக்கா என்று உரிமையோடு அதட்டிய செல்விக்கு,

வாக்காளர் பட்டியலில் இருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்கள். வீடு வீடாக விசாரித்து வந்த அங்கன்வாடி டீச்சர் என் வாசலில் நின்றுதான் கேட்டார். "செத்துப்போயிட்டா டீச்சர்" என்று நான்தான் சொன்னேன். அவர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கேட்டார். இரண்டு வருடமாக ஊருக்கே தெரிந்த செய்திதான். ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பெயர் அதே பட்டியலில் இருக்கிறது. சேர்த்தவள் நீ. கல்யாணமாகி இருபது வருடம் கழித்தும் என் ஓட்டு பிறந்த ஊரிலேயே கிடந்தது. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. நீதான் விடவில்லை. "ஓட்டு இல்லாட்டி இந்த ஊருல நீ விருந்தாளிதான்க்கா" என்று சொல்லி, ஷேர் ஆட்டோவில் ஏற்றித் திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை அழைத்துப் போனாய். ரேஷன் கார்டு நகலை நான் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த அன்று நீ திட்டிய திட்டு இருக்கிறதே, என் மாமியார்கூட அப்படித் திட்டியதில்லை.

அடுத்த வருடம் நம் வார்டுக்கு நீ நின்றாய். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருவதை ஏனென்று கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று நின்றாய். உன்னை எதிர்த்து நின்றவர் மளிகைக் கடைக்காரர். ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் மத்தியானம், அவர் மனைவி தாம்பாளத்தில் சூடம் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வீடாக வந்தார். உன் பக்கம் இருந்தவர்கள் கதவையே திறக்கவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் கதவைத் திறந்தேன், செல்வி.

எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்தால், அவருக்கே ஓட்டு என்று சத்தியம் செய்ததாகிவிடும். மீறினால் பிள்ளைகளைத் தாக்கும் என்பார்கள். என் மகள் அப்போது நிறைமாதமாக உள்ளே படுத்திருந்தாள். அந்த அம்மாள் அவளை எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைத்தாச்சி இருக்க வீடு. சூடத்தத் திருப்பி அனுப்பாத மதினி" என்றார். அடித்துவிட்டேன். மறுநாள் வாக்குச்சீட்டில் உன் சின்னத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் சின்னத்தில் முத்திரையைக் குத்தினேன்.

நீ ஒரே ஒரு ஓட்டில் தோற்றாய்.

எண்ணி முடித்த அன்று சாயங்காலம் நீ என்னிடம்தான் வந்தாய். "அந்த ஒரு ஓட்டு யாருன்னு தெரிஞ்சிருந்தா கால்ல விழுந்தாவது கேட்டிருப்பேன்க்கா" என்று அழுதாய். நான் உன் முதுகைத் தடவிவிட்டு, கடுங்காப்பி போட்டுத் தந்தேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள். நான் ரெண்டகமும் செய்து காப்பியும் கொடுத்தவள். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் சொல்ல வாயெடுத்தேன். காய்ச்சல் என்று உன்னை மதுரைக்குக் கொண்டுபோன அன்றுகூட, திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஏன் அப்படி இருந்தேன்?

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள், பள்ளிக்கூடம் போகிறாள். சத்தியத்தை மீறியிருந்தாலும் இப்படியே பிறந்திருப்பாளோ? யாரிடம் போய்க் கேட்பது? அவளைக் கொஞ்சும்போதெல்லாம் உன் முகம் வந்து நிற்கிறது.

மற்ற சேதி எதுவும் நல்லதாக இல்லை. தண்ணீர் இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை. தள்ளித் தள்ளிப் போன தேர்தலை ஒருவழியாக அறிவித்துவிட்டார்கள். கடைக்காரர் மறுபடியும் நிற்கிறார். சூடத் தட்டு இந்தத் தடவை மனுத் தாக்கலுக்கு முன்பே வந்துவிட்டது. நீ இல்லாத தெருவில் எல்லாக் கதவும் திறந்தன. நான் மட்டும் காய்ச்சல்காரி மாதிரிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

உன் மகள் மகேஸ்வரி நிற்கப் போகிறாள். அருப்புக்கோட்டைக்குத் தறி வேலைக்குப் போய்வருகிறவள், லீவு போட்டுவிட்டு அலைகிறாள். அவள் பெயரை முன்மொழிந்து இந்த வார்டு ஓட்டுக்காரர் ஒருவர் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். சூடம் அடித்தவர்கள் எப்படிப் போடுவார்கள்? இன்று காலை என்னிடம் வந்தாள்.

"நீங்க போடுங்க பெரியம்மா. அம்மாக்கு விழுந்த ஓட்டுல உங்க ஓட்டு ஒண்ணுன்னு நான் எங்க வேணா அடிச்சுச் சொல்லுவேன்."

கண்ணாடியைக் காணவில்லை, நாளைக்கு வா என்றேன். கண்ணாடி என் நெற்றிக்கு மேல்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். மனுத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாளைதான் மனுவுக்குக் கடைசி நாள். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அவள் நிற்பாள். நின்று தோற்பாள், தெரு அப்படி இருக்கிறது. உண்மையைச் சொன்னால் தாளைப் பிடுங்கிக்கொண்டு போவாள். வேறு ஆள் கிடைக்காது. நின்று தோற்கக்கூட அவளுக்கு வழி இருக்காது. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்தாக இருக்கிறது, செல்வி.

என்றாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளை அவள் வந்து உட்கார்ந்ததும், பேனாவைத் தொடுவதற்கு முன்னால், உன்னிடம் சொல்லாததை அவளிடம் சொல்லிவிடுவேன். அதன் பிறகும் தாளை நீட்டினால் போடுவேன். நீட்டாவிட்டால், தாயைத் தோற்கடித்து மகளை நிற்கவே விடாமல் செய்தவள் என்ற பேரோடு மிச்ச நாளை இந்தத் தெருவிலேயே கழிப்பேன்.

உன் மகள் நாளை என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாலும்,
உனக்கு அக்கா,
பாண்டியம்மாள்