முன்பக்கக் கடையில் கை நனைத்தது

22 ஜனவரி, வியாழன்

காலையில் நல்ல பனி. எதிர் வீட்டு மாடி தெரியவில்லை. ஹீட்டர் மறுபடி மக்கர். எலக்ட்ரீசியன் "இதோ வாரேனுங்க" என்றான். வரவில்லை.

ஞாயிறு தீபாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம். பையன் கார்த்திக், பெங்களூரில் வேலை. அப்பா போர்வெல் ரிக் வண்டிக்காரர். ஜாதகம் பொருந்திவிட்டது. பையனும் தீபாவும் ஒரு மாதமாகப் போனில் பேசுகிறார்கள்.

தீபா இன்று சொன்னது: "இவர்கிட்டப் பேசுனா நேரம் போறது தெரியலப்பா. ஆனா இதுதான் கடைசி. இதுவும் 'போய்ச் சொல்லி அனுப்பறோம்'னு போச்சுன்னா, இனி யார் முன்னாலயும் காபித் தட்டோட வர மாட்டேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல. இதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் போய்ச் சொல்லி அனுப்பப் போனவர்கள்தான்.

24 ஜனவரி, சனி

வீட்டம்மா காலையிலிருந்து ஒரே பாட்டு. "ஏனுங்க, நாளைக்கு ஒரு நாள் அந்தக் கடையைச் சாத்தச் சொல்லுங்க. கருவாட்டு வாசம் தெருவுக்கே அடிக்குது. வாரவிய என்ன நெனப்பாங்க?"

நம் முன்பக்க அறையில் வாடகைக்குக் கிரேஸின் சாப்பாட்டுக் கடை. நைஜீரியாக்காரி. கணவர் இங்கே கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர். நாலு மேசை, போர்டு கிடையாது. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கி வருகிறவர்கள். ஞாயிறுதான் கூட்டம்.

சமையல் ஒன்றும் புரியாத வித்தை இல்லை. உதாரணம்: நம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. நாம் அதை ஜவ்வரிசி மில்லுக்கு ஏற்றுகிறோம். அவள் புளிக்கவைத்து, வறுத்து, குருணையாக்கி, கொதிநீரில் களி கிண்டுகிறாள். எபா என்று பேர். கூட, விதை அரைத்துக் கீரை போட்ட குழம்பு. மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கும். நான் சாப்பிட்டிருக்கிறேன். வீட்டம்மாவுக்குச் சொல்லவில்லை.

கடையைச் சாத்தச் சொல்ல மனம் வரவில்லை. "கருவாடு மட்டும் நாளைக்கு வேண்டாம்மா" என்றேன். "நோ ப்ராப்ளம் சார்" என்றாள்.

வாங்க: சம்பா ரவை, முந்திரி, நெய், பூ. வாழைப்பழம் அரைப்பழமாக இருக்கக் கூடாது.

25 ஜனவரி, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பத்தரைக்கு மேல்தான் வருவதாகச் சொன்னார்கள். பத்துக்கு முன்பே பூ வாங்கித் திரும்புகிறேன். வாசலில் ஒரு கார். கடைக்குள் வெள்ளை வேட்டி சட்டையில் பெரியவர் ஒருவர், மணிக்கட்டு வரை குழம்பில். கிரேஸோடு இங்கிலீஷ் மாதிரி ஏதோ பேசுகிறார். ஆனால் இங்கிலீஷ் இல்லை. அவள் சிரித்துச் சிரித்துக் கண் துடைக்கிறாள். வேறு கிராக்கி யாரும் இன்னும் வரவில்லை.

"வாங்க" என்றேன், யாரோ என்று.

"ஊட்டுக்காரருங்களா? நான் பையனோட அப்பனுங்க. அவங்கல்லாம் கோயிலுக்குப் போயிட்டு வாராங்க. நான் நேரா வந்துட்டனுங்க. வாசல்ல எறங்குனா இந்த வாசம்! அஞ்சு வருசம் ரிக்கு வண்டியோட நைஜீரியாவுல கெடந்தவனுங்க நான். காலு தானா உள்ள போயிருச்சு."

பேசி முடித்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் பெண் வீட்டில் கை நனைப்பது. அதுவரை காபியோடு சரி. இந்த மனிதர் பெண்ணையே பார்க்காமல் இரண்டாவது உருண்டையில் இருக்கிறார்.

மற்றவர்கள் வந்தார்கள். தீபா காபி கொடுத்தாள். பையன் நல்ல மாதிரி. இரண்டு பேரும் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பையனின் அம்மா மட்டும் காபியைத் தொடவில்லை. கண் முழுக்கப் புருஷன் சட்டைமேல்.

"என்னங்க அது, செவப்பா?"

"ஒண்ணுமில்ல, சாமி."

"மோந்து பாத்தாலே தெரியுது."

அவ்வளவுதான். அந்த அம்மா எழுந்துவிட்டார். "ஊட்டுக்குப் போய்ப் பேசிப்போட்டுச் சொல்லி அனுப்பறமுங்க."

தீபா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

வீட்டம்மா விடவில்லை. "அதெப்படிங்க அக்கா? உங்க ஊட்டுக்காரரு எங்க ஊட்டுல கை நனைச்சாச்சு. இனி என்ன சொல்லி அனுப்பறது?"

"அது கடைங்க. கடையில திங்கறதெல்லாம் கை நனைக்கறதா?"

"கடைன்னா காசு குடுத்தாரா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். கிரேஸைக் கூப்பிட்டுக் கேட்டாயிற்று. "சார் கெஸ்ட். உங்க வீட்டுக்கு வந்தாங்க. நோ மனி."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் வீட்டம்மா, வழக்கில் ஜெயித்த மாதிரி.

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். முப்பது வருட வாத்தியார் புத்தி. "உதாரணத்துக்கு, பஸ்ஸில் ஏறினவர் டிக்கெட் எடுக்கவில்லை என்பதால் பயணமே செய்யவில்லை என்று ஆகிவிடுமா?" என்றேன்.

பையனின் அம்மா: "என்ற ஊட்டுக்காரரு டிக்கெட் இல்லாம ஏறுனவருன்னு சொல்றீங்களா?"

போய்விட்டார்கள். பையன் செருப்பு மாட்டும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

வீட்டம்மா: "உதாரணம் கேட்டாங்களா உங்களை?"

தீபா கதவைச் சாத்திக்கொண்டாள். கேசரி அப்படியே.

26 ஜனவரி, திங்கள்

பனி இல்லை. வெயில் இப்போதே சுள். பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போகவில்லை. எலக்ட்ரீசியனுக்கு இன்று விடுமுறையாம்.

மதியம் கார்த்திக் வந்து நிற்கிறான். தனியாக. அவன் அப்பாவின் பைக்கில்.

"அம்மாவுக்கு உங்க மேல கோவம் இல்லைங்க மாமா. அப்பா மேலதான். அவரு அங்க இருந்த அஞ்சு வருசம் நானும் அம்மாவும்தான் தனியா. பாட்டி செத்ததுக்கே அவரு வரல. வந்த பொறவும் அந்த ஊரு, அந்தச் சோறுன்னே பேச்சு. நேத்து நம்ம காரியத்துக்கு வந்த எடத்துலயும் முதல்ல அங்க போய் உக்காந்துட்டாரா, அம்மாவுக்குத் தாங்கல."

அந்த அம்மாவைப் பற்றி நேற்று மனத்துக்குள் திட்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

வீட்டம்மா: "அப்ப கை நனைச்சது கணக்குல உண்டா, இல்லியா தம்பி?"

தீபா அறையிலிருந்து வந்தாள். "அவங்க அப்பா சாப்பிட்டா அவங்க அப்பா சம்மதம். எனக்கு அது செல்லாதும்மா. என்னை யாராவது கேட்டீங்களா? வாங்க கார்த்திக்."

நேராக முன்பக்கம் போய்விட்டார்கள். வீட்டம்மா அலறினாள். "நிச்சயம் ஆகல, தெருவுல போறவன் வாரவன் பாக்க ரெண்டும் ஒண்ணா உக்காந்து திங்குதுங்க. ஏனுங்க, போய்க் கூட்டிட்டு வாங்க!"

போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். கிரேஸ் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தீபா முதலில் கை கழுவினாள். கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். அவனும் கழுவினான். எப்படிக் கூப்பிடுவது.

அப்போது போன். பையனின் அம்மா.

"கார்த்தி அங்க வந்தானுங்களா?"

"வந்திருக்காருங்க."

"என்ன பண்றான்?"

பொய் சொல்லத் தெரியாதது ஒரு வியாதி. "சாப்பிடறாருங்க. முன்னாடி கடையில. தீபாவும்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"உங்க பொண்ணா கூட்டிட்டுப் போச்சு?"

"ஆமாங்க."

ஒரு பெருமூச்சு. "எனக்குத்தான் கூட உக்காந்து திங்கக் குடுத்து வெக்கல, அதுகளாவது திங்கட்டும். ஆனா அதை மெல்லக் கூடாதுங்க. முழுங்கோணும். மென்னா வயித்தைப் புடிச்சுக்கும்னு இவரு இத்தனை வருசமா என்ற உசுரை வாங்கறாரு. போய் அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிப்போடுங்க. தை முடியறதுக்குள்ள ஒரு நாள் வாரோம், தட்டு மாத்தோணும். சோறு உங்க ஊட்டு அடுப்புல ஆக்குங்க, நானும் திங்கோணுமில்ல."

போய்ச் சொன்னேன். தீபா வாயில் இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.