தளர்ந்த வலை

ஆர்டூயி
ஜூன் 21

லாக்லனுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்க இரண்டு முறை முயன்றேன், கை வரவில்லை. பேர் மட்டும் போதும். நலமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. கப்பல் எஞ்சினும் நீயும் நன்றாகவே இருப்பீர்கள். இரண்டுக்கும் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது.

தொலைபேசியில் சொன்னதைத்தான் மறுபடி எழுதுகிறேன். தொலைபேசியில் நீ எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுகிறாய், என் கோபம் பாதியிலேயே கரைந்துபோகிறது. இந்த முறை கரைய விடமாட்டேன்.

நீ கிளம்பிய மூன்றாம் நாள் டிங்வாலில் தங்கை வீட்டிலிருந்து திரும்பினேன். பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. நாரை மீனைத் தூக்காமலிருக்க நீ கீழ்க்குளத்தின்மேல் விரித்த வலையில் காகங்கள் கூடியிருந்தன. போய்ப் பார்த்தால் நம் விரால் அடிப்பான் பருந்து, ஆண். ஒரு கால் வலைக்கண்ணில் மாட்டி, ஓர் இறக்கை முறுக்கிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியது. அலகு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்களைக் காகங்கள் எடுத்துவிட்டன. கால் வளையத்து எண்ணைப் படிக்கத் தேவையே இல்லை. ஆனாலும் படித்தேன். வேறு ஏதாவது ஒரு பறவையாக இருக்கக் கூடாதா என்றுதான்.

எத்தனை தடவை சொன்னேன் லாக்லன்? மார்ச்சில் சொன்னேன், வலை தொய்ந்து கிடக்கிறது, இழுத்துக் கட்டு என்று. ஏப்ரல் ஐந்தாம் தேதி அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பைன் மரத்தில் இறங்கிய அன்றும் சொன்னேன். "கட்டிடறேன் மைரெட், இந்த வாரம் கட்டிடறேன். அது என்ன உன் மாமியாரா, வந்த அன்னைக்கே இப்படிப் பதறறே?" என்றாய். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஏரி நடுத் தீவுக் கூட்டில் மூன்று குஞ்சுகள், பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாதவை. மீன் பிடித்து வருவது ஆணின் வேலை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டை கூட்டைவிட்டுப் போனால் காகம் குஞ்சைத் தூக்கிவிடும், போகாவிட்டால் எல்லாமே பட்டினி. அது கூட்டில் உட்கார்ந்தபடி ஏரியின் தென்கோடியைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. சமையலறை ஜன்னலைச் சாத்தினாலும் கேட்டது.

குஞ்சுகளுக்கு வளையம் போட உரிமம் வைத்திருக்கிற ரோனாவைக் கூப்பிட்டேன். "கொஞ்சம் பொறு மைரெட். அனுமதியில்லாம கூட்டுக்குப் பக்கத்துல போனா சட்டப்படி குத்தம். எழுதிப் போட்டிருக்கேன்" என்றாள். "அவங்க கையெழுத்துப் போடறதுக்குள்ள இங்க மூணும் செத்துடும்" என்றேன். நான்கு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாளே சின்னக் குஞ்சின் தலை தெரியவில்லை. தொலைநோக்கியில் பார்த்தேன். தாய் அதன்மேலேயே மிதித்துக்கொண்டு நின்றது.

ஐந்தாம் நாள் காலை அனுமதியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று படகை எடுத்தேன். நீ கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிற அந்த டிரௌட் மீன்களில் பெரிதாக இரண்டைப் பிடித்துப் போனேன். கூட்டுக்கு எதிரே ஒடிந்து நிற்கிற மரத்தின் தலையில் ஏணி போட்டு வைத்துவிட்டு, கரையில் தார்ப்பாய்க்குள் படுத்துக்கொண்டேன். கடிபூச்சிகள் முகத்தைத் தின்றுவிட்டன. மதியம்வரை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரே பாய்ச்சல். மீனைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் போய்க் கிழித்துக் கிழித்து ஊட்டியது. தார்ப்பாய்க்குள் அழுதேன் என்பதை உனக்கு எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதிவிட்டேன்.

அனுமதி மறுநாள் வந்தது. அதை என்ன செய்வது என்று ரோனாவிடம் கேட்டேன். "சட்டம் போட்டு மாட்டிக்கோ" என்றாள்.

தினமும் இரண்டு வேளை மீன் கொண்டுபோகிறேன். உன் மீன்தான். கேட்டு எடுக்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

உன் வீட்டில் இன்னும் இருக்கிற,
மைரெட்


ஆர்டூயி
ஜூலை 17

லாக்லன்,

நேற்று குஞ்சுகளுக்கு வளையம் போட்டோம். நல்ல வெயில், காற்றில்லை. ரோனா மரமேறி இரண்டையும் பையில் போட்டு இறக்கினாள். பெரியது பெண். என் கையில் கொடுத்தார்கள். பூனை கனம்தான், ஆனால் நகம் ஒவ்வொன்றும் தூண்டில் முள். ஆரஞ்சுக் கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்தது பார், வரி கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல. அதன் முதுகில் செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்புகிற சின்னக் கருவியைக் கட்டினோம். இனி அது எங்கே போனாலும் நம் மேசைக் கணினியில் புள்ளியாகத் தெரியும். இரண்டும் நல்ல கொழுப்பு. கூட்டில் மீன் மிச்சம் கிடந்தது.

இத்தோடு நிறுத்தி மடித்து அனுப்பியிருந்தால் நல்ல கடிதமாக இருந்திருக்கும்.

ஏணி தூக்க ஃபின்லே வந்திருந்தான். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். மனுஷன் பஸ் ஓட்டுகிறானா, வாய் சும்மா இருக்காது. "உன் ஆளு கிளம்பின அன்னைக்கு என்னை எவ்வளவு நேரம் காக்க வச்சான் தெரியுமா? உங்க கேட் பக்கத்துல நின்னு ஹாரன் அடிச்சு அடிச்சு கையே வலிச்சுப்போச்சு. அவன் பாட்டுக்குக் கீழ்க்குளத்தையே பாத்துட்டு நிக்கறான்."

"எதைப் பாத்தான்?" என்றேன்.

"வலையில பெருசா என்னமோ இறக்கையை அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. என்னடான்னு கேட்டேன். 'நாரை. மைரெட் வந்து எடுத்துவிடுவா, நீ வண்டியை எடு'ன்னான்."

என் முகத்தைப் பார்த்தான். கோப்பையைக் கீழே வைத்தான். "நான் நாரைன்னுதான் நெனச்சேன் மைரெட். சத்தியமா" என்றான். ரோனா எழுந்து கயிறு சுருட்டப் போய்விட்டாள்.

லாக்லன், ஏரிக்கு அந்தப் பக்கம் பொட்டாகத் தெரிந்தாலே இறக்கையின் வளைவை வைத்துப் பேர் சொல்லுகிறவன் நீ. நாரையா? உன் கோட்டுப் பையில் எப்போதும் கத்தி இருக்கும். வெட்டிவிட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் வந்து எடுத்துவிடுவேன் என்றாயாமே. நான் டிங்வாலில் இருந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் வருவேன் என்று உன்னிடம் கத்திவிட்டுத்தானே போனேன்.

அதற்குப் பிறகு தொலைபேசியில் நான் அழுதபோது, "ஐயோ பாவம், வயசான பறவை, கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது" என்றாய். அந்தக் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. இருபத்தாறு வருடம் பக்கத்தில் படுத்தவனின் குரல் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஒரே கேள்வி. அது உயிரோடு இருந்தது, எந்தப் பறவை என்றும் உனக்குத் தெரிந்தது, இருந்தும் போனாயா? தொலைபேசி வேண்டாம், எடுக்கமாட்டேன். எழுது.

மைரெட்


ஆர்டூயி
அக்டோபர் 14

லாக்லனுக்கு,

உன் கடிதம் ஆகஸ்ட் கடைசியிலேயே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். சமையலறையில் ரொட்டி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. கோபம் வருகிறபோதெல்லாம் எடுத்துப் படித்தேன். கோபம் குறைகிறபோதும் எடுத்துப் படித்தேன்.

பொய் எழுதவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். இறக்கை ஒடிந்திருந்தது, எப்படியும் பிழைக்காது என்று நினைத்ததாக எழுதியிருந்தாய். அது உனக்கு நீயே சொல்லிக்கொண்டது. அதற்கு அடுத்த வரிதான் உண்மை: 'வெட்டி எடுத்திருந்தால் நான் தங்கியிருப்பேன். எனக்குப் போக வேண்டும்போல் இருந்தது.' அந்த வரியை எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியும். எழுத்து அழுந்தித் தாளே கிழிந்திருந்தது.

போன பயணம்தான் கடைசி என்று சொன்னவன், என்னைக் கேட்காமல் இன்னொரு ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டாய். அதற்குத்தான் கத்தினேன். வழியனுப்பக்கூட நிற்காமல் டிங்வாலுக்குப் போனேன். அது என் தப்பு. நான் வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பறவை இரண்டு நாள் தொங்கியிருக்காது. பல் தேய்க்கும்போதுகூட அதுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் என் தப்பைக் காட்டி உன்னுடையதை நீ சின்னதாக்கிக்கொள்ளக் கூடாது. நான் பார்க்காமல் போனேன். நீ பார்த்துவிட்டுப் போனாய்.

குஞ்சுகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். கேட்காமல் இருந்திருந்தால் அத்தோடு முடித்திருப்பேன்.

ஜூலை கடைசியில் இரண்டும் பறந்தன. தாய் ஆகஸ்ட் பதினாறாம் தேதி போய்விட்டது. அன்று காலை ஒரு மீனைக் கூட்டில் வைத்தது, ஏரிமேல் இரண்டு சுற்றுச் சுற்றியது, அவ்வளவுதான். இத்தனைக்குப் பிறகு எலும்பும் தோலுமாகப் போகும் என்று பயந்தேன். இல்லை, நன்றாகத்தான் இருந்தது. சின்னவனுக்கு வளையம் மட்டும்தான், ஆகவே அவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பெரியவள் ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி வடகாற்றில் கிளம்பினாள். வழிகாட்ட ஒருவரும் இல்லை. அவர்கள் அப்படித்தான் போவார்கள் என்று தெரியும், தெரிந்தும் இருட்டும்வரை அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிரான்சின் முனையிலிருந்து கரையோரமாகப் போகாமல் நேராகக் கடலுக்குள் போனாள், முட்டாள் பெண். ஒரு பகல், ஓர் இரவு, இன்னொரு பகல் முழுக்கத் தண்ணீர்தான். உட்கார ஒரு கட்டைகூட இல்லை. மேசையில் அந்தப் புள்ளியைப் பார்த்து, "திரும்புடி, இடது பக்கம் திரும்புடி" என்று கத்தியிருக்கிறேன். திரும்பினாள். ஸ்பெயினில் ஓர் அணைக்கட்டில் ஒன்பது நாள் கிடந்தாள். பிறகு மொராக்கோ, அதற்குப் பிறகு மணல். மணலில் ஆறு நாள் புள்ளியே வரவில்லை. ரோனா தினமும் வந்து, "கருவிக்கு வெயில் படலையா இருக்கும்" என்பாள். பிறகு இரண்டு பேரும் சூப் குடிப்போம். ஏழாம் நாள் செனகல் ஆற்றில் இருந்தாள். இப்போது கினி-பிசாவுவின் சதுப்புத் தீவுகளில் இருக்கிறாள். மூன்று வாரமாக ஒரே சிற்றாற்றில் மேலும் கீழும் போய்வருகிறாள். உன் மீன் தின்று வளர்ந்தவள் தானே பிடித்துத் தின்கிறாள்.

குளத்து வலைகளை எல்லாம் நானும் ஃபின்லேயும் அறுத்து எடுத்துவிட்டோம். ஃபின்லே ஒரு வார்த்தை பேசாமல் அறுத்தான், அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். குளத்துக்கு மேல் கம்பியை இறுக்கமாக இழுத்துக் கட்டியிருக்கிறோம். நாரை இறங்காது, எதுவும் மாட்டவும் மாட்டாது. ஒன்றரை நாள் வேலைதான் லாக்லன். ஒன்றரை நாள்.

இனி எழுத வந்த விஷயம். போன வாரம் ரோனா ஒரு கடிதம் கொண்டுவந்தாள். செனகலில் சலூம் ஆற்று முகத்துவாரத்தில் வனக்காவலராக இருக்கிற வாலி சேன் என்பவர் எழுதியது. நம் ஆணின் வளைய எண்ணை வைத்து முகவரியைத் தேடியிருக்கிறார். பிரெஞ்சில் இருந்தது, ரோனா படித்துச் சொன்னாள்.

"ஒன்பது வருஷமா செப்டம்பர் பாதியிலயே எங்க படகுத்துறைக்கு எதிர்ல இருக்கற கம்பத்துல வந்து உக்காந்துடும். எந்தப் படகு வந்தாலும் ஏற இறங்க ஒரு பார்வை பாக்காம விடாது. அதனால எங்க ஊர்ல அதுக்குச் சுங்கக்காரன்னு பேரு. இந்த வருஷம் கம்பம் காலியா இருக்கு. மீன் விக்கற பொம்பளைங்க என்னைப் பாக்கறப்பல்லாம் 'எங்கய்யா உன் அதிகாரி, லீவா?'ங்கறாங்க. உங்க ஊரை விட்டு இன்னும் கிளம்பலையா? குளிர் அதிகமாகறதுக்குள்ள அனுப்பி வையுங்க."

அனுப்பி வையுங்கள் என்கிறார். ரோனா படிப்பதை நிறுத்திவிட்டாள்.

பாதி வருடம் அது நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மீதிப் பாதியில் அதற்கு ஒரு பேர் இருந்திருக்கிறது. எதிர்பார்த்து நிற்க ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

ரோனா பதில் எழுதுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். நானும் எழுதமாட்டேன். அது நீ எழுத வேண்டிய கடிதம். எப்படிச் செத்தது, யார் பார்த்தது என்று எல்லாவற்றையும் எழுது. அழகாக எழுத வேண்டாம். அந்த மனிதர் சிரிக்கும்படி ஒரு வரிகூட வேண்டாம். அவருடைய முகவரி இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது.

எழுதிய பிறகு எனக்கும் ஒரு வரி போடு. நீ அவருக்கு எழுதினாயா என்பதை நான் அவரிடம் கேட்கப்போவதில்லை. உன் வார்த்தையை நம்ப வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறேன். எப்படி நம்புவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

டிசம்பரில் உன் தவணை முடிகிறது. இன்னொரு தாளில் கையெழுத்துப் போடாதே. அந்தத் தெற்குக் கடலில் காற்று மோசம் என்று வானொலியில் சொன்னார்கள். மேல்தளத்தில் இடுப்புக் கயிறு கட்டாமல் நடக்காதே. ஒரு கேடும் வராமல் கரை சேர். எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது. ஃபின்லேயை அனுப்பமாட்டேன், நானே வருகிறேன்.

மைரெட்